கிளுவை வேலியில் தேவாங்கு இருக்கிறது. வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போடலாமா?

வேலியோரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அய்யலூருக்கும் கடவூர் மலைகளுக்கும் இடையில், காப்புக் காட்டின் எல்லைக் கல்லிலிருந்து ஓர் ஓடையையும் இரண்டு காடுகளையும் தாண்டினால் எங்கள் நிலம் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தையும் காடு என்றே சொல்வோம். வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம். மூன்று ஏக்கரில் நிலக்கடலையும் சோளமும் போடுகிறோம். தாத்தா காலத்தில் போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்த்த கிளுவை வேலி மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கிறது. இடையிடையே கள்ளியும் உசிலையும் உண்டு. ஓடைக்கரையில் நான்கு புளிய மரங்கள் இருக்கின்றன.

காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியாமல், வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடித்துவிடலாம் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். இந்த நிலையில் சென்ற வாரம் இரவு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போனவன், டார்ச் வெளிச்சம் வேலியில் பட்ட இடத்தில் இரண்டு கங்குகள் எரிவதைக் கண்டு நின்றுவிட்டேன். சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது, குச்சி போன்ற கைகளும் கால்களும் கொண்ட ஒரு தேவாங்கு கிளையின் அடிப்பக்கத்தில் தொங்கியபடியே ஒவ்வொரு கையாக மாற்றிப் பிடித்து நகர்ந்தது. ஓரிடத்தில் நின்று, பட்டையின் மீது ஊர்ந்த எதையோ ஒரு கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தது. மறுநாள் காலையில் அதே இடத்தில் தேடியபோது, முள் அடர்ந்த ஒரு கவட்டையில் தலையைத் தொடைகளுக்கு நடுவே புதைத்துப் பந்து போலச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் சொன்னதற்கு, "அது கண்ணில் பட்டால் எடுத்த காரியம் விளங்காது, விரட்டிவிடு" என்றார். பக்கத்துக் காட்டுக்காரர், பிடித்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடு என்கிறார். இன்னொருவரோ, வனத்துறைக்குத் தெரிந்தால் சரணாலயம் என்று சொல்லி நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள், வாயைத் திறக்காதே என்கிறார். வேலியை எடுத்தால் அது தானாகக் காட்டுக்குப் போய்விடாதா என்பதே என் முக்கியமான சந்தேகம். விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

காட்டுப்பாதை:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து பிடிக்காதீர்கள். தேவாங்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே வரிசையில், இருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் சாக்குப்பையில் போட்டு இருசக்கர வண்டியில் கொண்டு போகிறவரை வழியில் பார்க்கிற யாரும் நல்ல எண்ணம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இவ்வகைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அடிபட்டுக் கிடந்தாலோ, பகலில் தரையில் நாய்களிடம் சிக்கியிருந்தாலோ மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் வேலியில் தூங்குவது வழி தவறி வந்த விலங்கு அன்று. அதன் வீட்டில்தான் அது தூங்குகிறது.

இரவாடி:

திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் இரண்டு பருவங்கள் தேவாங்குக் கணக்கெடுப்புக்கு வழிகாட்டியாகவும் குறிப்பெழுதுபவனாகவும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் உங்கள் முக்கியமான சந்தேகத்துக்கு வருகிறேன்.

தேவாங்கால் தாவ முடியாது. குரங்கும் அணிலும் மரத்துக்கு மரம் பாய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஒரு கிளையைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, உடலை நீட்டி, எதிரே உள்ள கிளை கைக்கு எட்டினால் மட்டுமே அது அடுத்த மரத்துக்குப் போகும். உடல் நீளமே ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேல், எடை கால் கிலோ அளவு, வால் கிடையாது. எட்டாத இடைவெளி வந்துவிட்டால் அதற்கு இரண்டே வழிகள்: திரும்பிப் போக வேண்டும், அல்லது தரையில் இறங்கி நடக்க வேண்டும். தரையில் நடக்கும் தேவாங்கு நாய்க்கும் பூனைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகும் தேவாங்கு. ஆகவே உங்கள் தோட்டத்தைச் சுற்றி நிற்கும் கிளுவை வரிசை நமக்கு எல்லை. அதற்கோ ஓடைக்கரைப் புளியிலிருந்து காப்புக் காட்டு உசிலை வரைக்கும் போகிற சாலை. அதைப் பிடுங்கிவிட்டால் அது காட்டுக்குப் போய்விடும் என்பது, ஒரு கிராமத்தின் பாலத்தை இடித்துவிட்டு ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடந்து போய்விடுவார்கள் என்று சொல்வதைப் போன்றது.

நீங்கள் பார்த்த முகச்சுளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் அய்யலூர்க் காட்டில்தான் 1990-களின் இறுதியில் அன்னா நெகாரிஸ் ஒரு புறமும், சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் மறுபுறமுமாக இரவிரவாக இந்த விலங்கைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இன்று உலகில் சாம்பல் நிறத் தேவாங்கைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த முள்காட்டில் தெரிந்துகொண்டதே. அது ஏறத்தாழ முழுக்கவே பூச்சி தின்னும் விலங்கு என்பதும், எறும்பும் கரையானுமே முதன்மையான உணவு என்பதும் அங்கே பதிவாயின. கடிக்கிற எறும்பையும் நாற்றம் பீய்ச்சுகிற பூச்சியையும்கூட அது விடுவதில்லை. தின்றுகொண்டே தலையை உதறும், தும்மும், எச்சில் ஒழுகும். தன் சிறுநீரைக் கைகால்களில் தேய்த்துக்கொள்ளும். பூச்சிகளின் கடியையும் நஞ்சையும் தணிக்கவே இப்படிச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் நிலக்கடலையில் ஒரு பருப்பைக்கூட அது தொடாது.

"தேவாங்கு மாதிரி" என்று ஒல்லியாகவும் சோம்பலாகவும் இருப்பவரை ஏசுகிறோமே, அதில் பாதிதான் உண்மை. 1758-இல் லின்னேயஸ் இலங்கைத் தேவாங்குக்கு வைத்த பெயரும் மெதுவாக நடப்பது என்ற பொருளில்தான் அமைந்தது. ஆனால் அது வேண்டுமென்றுதான் மெதுவாகப் போகிறது. இலை அசையாமல் இரையை நெருங்கிவிட்டு இரு கைகளையும் வீசிப் பிடிக்கும் வேகத்தை நேரில் பார்த்தவர் அந்த வசைச்சொல்லைத் திரும்பச் சொல்லத் தயங்குவார். விரல்களின் பிடியும் அப்படித்தான். சுட்டுவிரல் குட்டையாகிப்போய், கட்டைவிரல் எதிர்ப்புறமாக அகன்று, கை முழுவதும் ஓர் இடுக்கியைப் போல் ஆகியிருக்கிறது. கைகால்களில் பின்னலாக அமைந்த இரத்தக் குழாய்கள் இருப்பதால், மரத்துப் போகாமல் மணிக்கணக்கில் ஒரே கிளையைப் பற்றிக்கொண்டிருக்க முடியும்.

இனி என் தவறு ஒன்று. முதல் பருவத்தில் ஓர் இரவு, உசிலைக் கிளையில் ஒரு குட்டி தனியாகத் தொற்றிக்கொண்டிருப்பதைக் கண்டேன். தாய் இறந்துவிட்டது என்று நினைத்துத் துண்டை விரித்துக்கொண்டு எடுக்கப் போனேன். உடன் வந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "விடியிற வரைக்கும் உட்காருங்க" என்றார். நான்கு மணிக்குப் பிறகு தாய் வந்தது, குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டது, இரண்டும் போய்விட்டன. பிறந்து ஏறத்தாழ நான்கு வாரம் ஆனதும் தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போவது வழக்கம் என்பதைப் பிறகுதான் படித்தேன். ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ ஈனும் விலங்கு அது. அன்றைக்கு நான் "காப்பாற்றியிருந்தால்" ஒரு தாயின் அரை ஆண்டு வீணாகியிருக்கும். நீங்களும் அப்படி ஒன்றைக் கண்டால் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பார்க்க ஆசையாக இருந்தால் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சத்தில் அதன் கண் கூசும். சிவப்பு வெளிச்சத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கங்கு போல் மின்னியதற்குக் காரணம், விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான். கணக்கெடுப்பில் நாங்கள் எண்ணியதும் விலங்கை அன்று, அந்த மினுக்கத்தைத்தான்.

ஓய்வுபெற்றவன்:

நிலத்தைப் பற்றிய அச்சத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வருவாய்த் துறையில் இருந்தவன். கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபர் 12 அன்று அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் ஆகிய இரு மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர்; தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே. ஏற்கெனவே காப்புக் காடாக இருந்த பகுதியைத்தான் சரணாலயம் ஆக்கினார்கள். பட்டா நிலத்தைச் சரணாலயத்துக்குள் கொண்டு வர வேண்டுமானால் மாவட்ட ஆட்சியர் உரிமைகளை விசாரித்து முடிவு செய்யும் தனி நடைமுறை சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வேலியில் ஒரு தேவாங்கு தூங்கியது என்பதற்காக எவரும் பட்டாவைப் பறிக்க முடியாது. சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை கட்டுப்பாடுகள் கொண்ட சூழல் உணர்திறன் மண்டலம் இருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேட்டு ஊருக்கு ஊர் பீதி கிளம்பியது உண்மைதான். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு என்ற அந்த உத்தரவை 2023 ஏப்ரலில் நீதிமன்றமே தளர்த்திவிட்டது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

சோளக்காட்டான்:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே இரவில் அரை ஏக்கர் கடலையைப் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கேள்வி கேட்ட தம்பியின் பெரியப்பா ஆசைக்காகக் கம்பிவலை அடிக்கவில்லை. கிளுவை வேலி ஆட்டை நிறுத்தும், மாட்டை நிறுத்தும். அடிப்பக்கம் வெறுமையாகிப்போன பழைய வேலி பன்றியை நிறுத்தாது. ஒரு விலங்குக்காக விவசாயி நட்டப்பட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவாடி:

சோளக்காட்டான் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பன்றியால் ஏற்படும் இழப்பை நானும் கண்ணால் பார்த்தவன். ஆனால் கம்பிவலையா கிளுவையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கிளுவைக்கு உட்புறமாக மூன்றடி தள்ளி, இடுப்பளவு உயரத்துக்குக் கம்பிவலையை அடித்து, அடியை மண்ணில் புதைத்துவிட்டால் பன்றி நிற்கும். மேலே கிளுவையும் அப்படியே இருக்கும். ஜேசிபி வாடகையும் மிச்சம். போகிற நிலம் மூன்றடி அகலம். அதிலும் கிளுவையின் நிழலில் கடலை எப்படியும் சரியாக வராது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியைக் கட்டிவிடாதீர்கள். பன்றிக்கு வைத்ததில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். ஏறிப் பற்றுவதையே வாழ்க்கையாகக் கொண்ட இந்த விலங்குக்கோ தப்பிக்க வழியே இல்லை.

மலைநாட்டான்:

நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். இந்த உரையாடலில் கிளை அறுந்துபோவதைப் பற்றிப் பேசுவதைப் பார்த்ததும், எங்கள் மலையில் அது கடைசி வரைக்கும் போய்விட்ட கதையைச் சொல்லத் தோன்றியது. ஹோட்டன் சமவெளி போன்ற முகில் சூழ்ந்த மலைக்காடுகளில் வாழும் ஒரு தேவாங்கு வகை உண்டு. குளிருக்கு ஏற்பக் கைகால்கள் சற்றுக் குட்டையாகவும், மயிர் அடர்த்தியாகவும் இருக்கும். 1939-க்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை எவரும் காணாததால் அழிந்தே போனது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2002-இல் ஒரு முறை கண்ணுக்குத் தென்பட்டது. பின்னர் லண்டன் விலங்கியல் கழகத்தினரும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தினரும் இரவுகளில் அலைந்து எடுத்த முதல் படங்கள் 2010-இல் வெளியாயின. உலகம் கொண்டாடியது. ஆனால் அது ஏன் அவ்வளவு அரிதாயிற்று என்று கேட்டால், மலைக்காட்டைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டித் தள்ளியதில் எஞ்சியவை தொடர்பற்ற துண்டுகள் என்பதே விடை. அந்தத் தேயிலையில் உழைத்தவர்கள் எங்கள் மூதாதையர். மரத்தை வெட்டச் சொன்னவர்கள் வேறு.

சிங்களத்தில் இதை உணஹபுளுவா என்பார்கள். உணஹபுளுவாவுக்கும் தன் குட்டி மாணிக்கம் என்று ஒரு பழமொழியும் உண்டு. நம் காக்கையும் பொன் குஞ்சும்தான். கன்னடத்தில் இதற்குக் காடு பாப்பா என்று பெயர் என ஒரு நண்பர் சொல்லக் கேட்டேன். நாம்தான் ஏச்சுக்கு எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

காட்டுப்பாதை:

பெரியப்பாவின் அபசகுனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நம்பிக்கையால் இந்த விலங்கு பட்ட பாடு கொஞ்சமன்று. கண் நோய்க்கு மருந்து என்றும், வசியத்துக்கு ஆகும் என்றும் அதன் கண்களுக்காகவே கொன்றிருக்கிறார்கள். மாந்திரீகம் என்ற பெயரில் இன்றும் பிடிக்கிறார்கள். அபசகுனம் என்று விரட்டுபவரும் வசியத்துக்காகப் பிடிப்பவரும் ஒரே கதையின் இரு பக்கங்கள்தாம். பெரியவரிடம் வாதாடிப் பயனில்லை. அடுத்த முறை சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சோடு அவரையே அழைத்துச் சென்று அது எறும்பு தின்பதைக் காட்டுங்கள். கரையான் தின்கிற விலங்கை விரட்டச் சொல்லும் விவசாயியை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேலியோரம்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். பெரியப்பாவை அழைத்துச் சென்றேன். அன்று ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. ஒன்று புளியங்கிளையிலிருந்து மெல்லிய சீழ்க்கை போல் ஒலி எழுப்ப, வேலியில் இருந்தது பதில் கொடுத்தது. வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் நின்றார். திரும்பும்போது, "மேற்குப் பக்கம் மட்டும் வலை அடிச்சுக்குவோம், அதுவும் உள்ளே தள்ளி" என்றார். அபசகுனத்தை அவர் கைவிட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் விநாயகர் கோவிலில் ஒரு தேங்காய் உடைத்தார்.

இப்போது ஒரு புதிய சிக்கல். டிராக்டர் நுழைவதற்காக வேலியில் பன்னிரண்டு அடிக்கு ஒரு திறப்பு விட்டிருக்கிறோம். நான்கு இரவுகள் கவனித்ததில், இரண்டு முறை அது திறப்பின் ஓரம் வரை வந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு முறை இறங்கி நடந்தே கடந்தது. இந்த இடத்தில் ஏதாவது செய்ய முடியுமா?

இரவாடி:

முடியும். முன்பு அய்யலூரில் ஆராய்ந்த அதே நெகாரிஸ், பின்னாளில் ஜாவாத் தீவின் கருட் மாவட்டத்தில் வேறொரு தேவாங்கு இனத்துக்காக இதைத்தான் செய்தார். அங்கே விவசாயிகளின் தோட்டங்களுக்கு இடையே மரங்கள் அற்றுப்போன இடங்களில், பாசனத் தண்ணீர்க் குழாயையே மரத்துக்கு மரம் உயரத்தில் இழுத்துக் கட்டினார்கள். விவசாயிக்குத் தண்ணீர் போயிற்று. தேவாங்கும் அதன் மேலே ஏறிப் போயிற்று.

உங்களுக்குக் குழாய்கூட வேண்டாம். திறப்பின் இரு புறமும் உள்ள உசிலையில், டிராக்டரும் வைக்கோல் பாரமும் தட்டாத உயரத்தில், இரண்டு மூங்கில்களை ஒன்றோடொன்று சேர்த்துக் குறுக்கே கட்டுங்கள். வழவழப்பாக இருந்தால் பிடி கிடைக்காது. பழைய கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். இரு முனைகளும் இலைக்குள் மறைந்திருக்க வேண்டும், வெட்டவெளியில் முடியக் கூடாது. மின்கம்பி அருகில் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஓடினால் அந்த இடத்தையே விட்டுவிட்டு, திறப்பை வேறு பக்கம் மாற்றுவது நல்லது. கட்டிய உடனே ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பழகச் சில மாதங்கள் ஆகலாம். வேலியில் இடைவெளி விழுந்த மற்ற இடங்களில் மழை பிடிப்பதற்கு முன்பே கிளுவைப் போத்துகளை அடிக்கு ஒன்றாக ஊன்றிவிடுங்கள். மூங்கிலில் முதல் தடவை ஏறும் இரவில், படம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, தேதியை மட்டும் இங்கே வந்து எழுதுங்கள்.